பொன்மணி வாரித் தூற்றிய மண்

சிவகாசிப் பக்கம் எம். புதுப்பட்டிக்குப் போய்ப் பொன்மணி வீடு எது என்று கேட்டால், "எந்தப் பொன்மணி?" என்று திருப்பிக் கேட்பார்கள். "மண்ணு தூத்துனவளா?" என்று அவர்களே முடித்தும் வைப்பார்கள். கூடப்பிறந்த தங்கச்சியின் வயிறு விளங்காமல் போகட்டும் என்று நடுத்தெருவில் மண்ணை வாரித் தூற்றியதால் வந்த பெயர். ஊருக்கு என்ன, பெயர் வைப்பதற்குக் காசா பணமா? வைத்துவிட்டு அதுபாட்டுக்கு வேலையைப் பார்க்கப் போய்விடும். சுமக்கிறவளுக்குத்தான் கழுத்து நோகும்.

ஏன் தூற்றினாள் என்று கேட்டவர்கள் கிடையாது. கேட்டிருந்தாலும் அவள் பதில் சொல்லியிருக்க மாட்டாள். சொல்லிச் சொல்லி ஓய்ந்துபோன பிறகுதான் மண்ணை அள்ளினாள்.

பொன்மணியின் அம்மா, சின்னவள் மாரிசெல்வி பால்குடி மறப்பதற்கு முன்பே காமாலையில் போய்ச் சேர்ந்தாள். அப்பா நாகையாவுக்குத் தீப்பெட்டி ஆபீசில் வேலை. விடியும் முன் போனால் பொழுது சாய்ந்துதான் வருவார். தங்கச்சியை இடுப்பில் இடுக்கிக்கொண்டே சோறு பொங்கினாள் பொன்மணி. பள்ளிக்கூடத்துக்கும் அப்படியே போனாள். வாத்தியார் முகம் சுளித்ததும் பள்ளிக்கூடத்தை விட்டாளே தவிர, தங்கச்சியை இறக்கிவிடவில்லை. பிறகு பட்டாசுக் கம்பெனியில் சரம் பின்னப் போனாள். சரவெடிக்கு வெடிகளை ஒவ்வொன்றாகத் திரியோடு சேர்த்துப் பின்னுகிற வேலை. அவள் பின்னிக்கொண்டிருக்க, மாரிசெல்வி அவள் முதுகில் சாய்ந்து தூங்குவாள். 'அக்கா' என்று அவள் கூப்பிட்டதில் பாதி 'அம்மா'தான்.

வயது வந்ததும் அத்தை மகன் முனியராஜுக்குக் கட்டிக்கொடுத்தார்கள். அத்தை இருளம்மாள், நாகையாவின் அக்கா. பொன்மணி பிறந்த அன்றே, "இவ என் வீட்டுக்குத்தான்" என்று சொல்லி வைத்துவிட்டாள். முறைப்பெண்ணை வெளியே விட்டால் அந்தப் பக்கத்தில் அது பெரிய குறை. முனியராஜும் தங்கமான ஆள். குடிக்க மாட்டான், அதிர்ந்து பேச மாட்டான். பட்டாசுக் கம்பெனியில் வெடிமருந்து கலக்குகிற அறையில் வேலை என்பதால் மேலெல்லாம் அலுமினியப் பொடி அப்பி, கோவில் சப்பரத்திலிருந்து இறங்கி வந்தவன் மாதிரி மினுங்கிக்கொண்டு வீட்டுக்கு வருவான். கொல்லையில் குளித்துவிட்டுத்தான் உள்ளே நுழைவான். அவனைக் குறை சொல்ல ஒரே ஒரு காரணம்தான் உண்டு. அம்மா பேச ஆரம்பித்தால் அவனுக்கு நாக்கு உள்ளே போய்விடும்.

முதல் பிள்ளை ஆண். கொழுகொழுவென்று பிறந்தான். நாலைந்து நாளில் அவன் நனைத்த துணியைக் கசக்க எடுத்த இருளம்மாள், முகர்ந்து பார்த்து வாயெல்லாம் பல்லானாள்.

"ஏத்தா பொன்மணி, இங்கன பாரு! கருப்பட்டிப் பாகு காச்சுன மாதிரில்ல மணக்கு! மூத்திரத்துல இனிப்பு வாசம் வந்தா பிள்ளை யோகக்காரன்னு எங்க ஆத்தா சொல்லுவா!"

தெருவில் நாலு பேரைக் கூப்பிட்டு அந்தத் துணியை முகரவும் கொடுத்தாள். எல்லோரும் முகர்ந்தார்கள், எல்லோரும் மெச்சினார்கள். அன்று சாயங்காலமே பிள்ளை காம்பைக் கவ்வுவதை விட்டுவிட்டது. வாயில் வைத்தால் பால் வழிந்து கடைவாயில் இறங்கியது. அழுகை பூனைக்குட்டி சத்தமாகச் சிறுத்தது. உடம்பு ஒரு நேரம் துணியாய்த் துவண்டது, ஒரு நேரம் வில்லாய் வளைந்து விறைத்தது. சிவகாசிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். ஜன்னி என்றார்கள், கிருமி என்றார்கள். யோகக்காரன் போய்விட்டான்.

சுனாமி வந்த வருடம் அடுத்தது, பெண். அதே மணம், அதே துவளல், அதே முடிவு. இந்தத் தடவை துணியை யாருக்கும் முகரக் கொடுக்கவில்லை.

இரண்டு பிள்ளை போனால் ஊர் சும்மா இருக்குமா? காரணம் கண்டுபிடித்தது. அந்தப் பக்கத்தில் எது நடந்தாலும் பழி வெடிமருந்துக்குத்தான். தலை நரைத்தால் மருந்து, கோழி முட்டை போடாவிட்டால் மருந்து. பாதி நேரம் உண்மையாகவும் இருந்து தொலைக்கும், அதனால் மிச்சப் பாதியையும் ஜனம் நம்பிவிடும். "மருந்து ரூம்ல கெடக்கறவனுக்கு எப்புடிப் பிள்ளை தங்கும்? அந்த நஞ்சுதாம்லே வயித்துல எறங்குது" என்று சொந்தக்காரர்கள் ஒரே குரலில் சொன்னார்கள். பொன்மணியும் நம்பினாள். நம்புவதற்கு ஒன்று கிடைத்ததே என்று ஆறுதலாகக்கூட இருந்தது.

கம்பெனியை விட்டார்கள், ஊரையும் விட்டார்கள். விருதுநகரில் ஒரு அறையை வாடகைக்குப் பிடித்துக் குடியேறினார்கள். முனியராஜ் மிளகாய் வற்றல் குடோனில் மூட்டை தூக்கினான். வெள்ளியாய் மினுங்கினவன் இப்போது சிவந்த கண்ணும் ஓயாத தும்மலுமாக வீடு வந்தான். பொன்மணி சரம் பின்னுவதை அடியோடு நிறுத்தினாள். மத்தாப்புக் கொளுத்துகிற வீட்டுப் பக்கம்கூட அவள் போகவில்லை. தீபாவளிக்குக் கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். மூன்றாவது பிள்ளை, மறுபடி ஆண், பெரியாஸ்பத்திரியில் பிறந்தது. நன்றாகச் சப்பிக் குடித்தது. மருந்தை ஏமாற்றிவிட்டோம் என்று முனியராஜ் வாய்விட்டுச் சொன்னான்.

சொல்லி இரண்டு நாள்கூட ஆகவில்லை. காலையில் துணி மாற்றும்போது பொன்மணியின் மூக்கில் பாகு காய்ந்தது.

அவள் கத்தவில்லை. பிள்ளையையும் அந்த ஈரத்துணியையும் ஒன்றாகச் சுருட்டி எடுத்துக்கொண்டு குடோனுக்குப் போய்ப் புருஷனைக் கூப்பிட்டாள். மதுரைக்குப் போனார்கள். பிள்ளைகள் வார்டில் ஒரு டாக்டரம்மா. பிள்ளையைத் தொடுவதற்கு முன்னால் பொன்மணி துணியை நீட்டினாள். "இந்த வாசத்துக்குத்தாம்மா என் ரெண்டு பிள்ளையும் போச்சு." டாக்டரம்மா துணியை முகர்ந்தாள். குனிந்து பிள்ளையின் காதோரத்தையும் முகர்ந்தாள். நிமிர்ந்ததும் முதலில் கேட்டது இதுதான்: "நீங்க ரெண்டு பேரும் சொந்தமா?"

ரத்தம் எடுத்து எங்கெங்கோ அனுப்பினார்கள். பதில் வரும்வரை பிள்ளை இருந்தது. வந்த பிறகு கொஞ்ச நாளும் இருந்தது. அதற்குமேல் இல்லை.

டாக்டரம்மா இருவரையும் உட்கார வைத்துப் பொறுமையாகச் சொன்னாள். இது ரொம்ப அபூர்வமான நோய். பாலில் இருக்கிற சத்தைச் செரித்து உடைக்கிற சக்தி இந்தப் பிள்ளைகளுக்குப் பிறவியிலேயே இல்லை. உடையாத சத்து விஷமாகி மூளைக்கு ஏறிவிடுகிறது. அந்த வாசமே அதுதான். வெடிமருந்துக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. "இந்தக் குறை உங்ககிட்டப் பாதி இருக்கு, அவர்கிட்டப் பாதி இருக்கு. பாதி இருந்தா ஒண்ணும் செய்யாது. ரெண்டு பாதியும் ஒரு பிள்ளைகிட்டச் சேர்ந்தா இப்படி ஆகும். ஒரே குடும்பத்துக்குள்ள கட்டுனதால ரெண்டு பேர்கிட்டயும் இருக்கு. இது யாரு தப்பும் இல்லம்மா."

"அப்ப நான் குடுத்த பாலுதானா?" என்று கேட்டாள் பொன்மணி.

டாக்டரம்மா அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். கிளம்பும்போது ஒன்று சொன்னாள்: "உங்க கூடப்பிறந்தவங்களுக்கும் இந்தப் பாதி இருக்கலாம். அவங்களையாவது சொந்தத்துல குடுக்காதீங்க."

பிள்ளை போனது மாருக்குத் தெரியாது. அது பாட்டுக்குச் சுரந்து கட்டிக்கொள்ளும். பால் வற்ற மல்லிகைப் பூவை வைத்துக் கட்டுவார்கள். மூன்று பிள்ளைக்கும் அப்படிக் கட்டியாயிற்று. பொன்மணி தலையில் மல்லிகை வைப்பதை அதோடு விட்டாள். அழுகையும் ஒரு கட்டத்தில் சலித்துப்போனது. சோற்றைப் போட்டால் தின்றாள், தண்ணீர் எடுக்கப் போனால் குழாயடியிலேயே குடம் நிறைந்து வழிவதைப் பார்த்துக்கொண்டு நின்றாள். மருந்தில் குற்றமில்லை என்று ஆனபிறகு விருதுநகரில் இருந்து என்ன செய்ய? முனியராஜ் அவளைக் கூட்டிக்கொண்டு புதுப்பட்டிக்கே திரும்பினான்.

அங்கே இருளம்மாள் அதற்குள் ஒரு வழி யோசித்து வைத்திருந்தாள். அவளைக் கொடுமைக்காரி என்று நினைத்துவிட வேண்டாம். மூன்று பேரப்பிள்ளைகளைக் குழிக்கு அனுப்பியவள். மகனுக்கு ஒரு வாரிசு தங்கவேண்டும் என்பதுதான் அவள் கவலை. தம்பி நாகையாவைக் கூப்பிட்டு உட்கார வைத்துப் பேசினாள்.

"பெரியவ வயிறு ராசியில்ல. அதுக்காக அவளத் தள்ளி வைக்க முடியுமா, நம்ம பிள்ளை. மாரிசெல்வியும் எம் மகனுக்கு முறைக்காரிதான? அவளையும் இங்கனயே குடுத்துரு. வெளிய இருந்து ஒருத்தி வந்தா பொன்மணியச் சக்களத்தியா நடத்துவா. தங்கச்சின்னா தாங்கிக்கிருவா."

நாகையாவுக்கு அது நியாயமாகப் பட்டது. அந்தத் தெருவில் யாருக்குத்தான் படாது? அக்காளுக்குப் பிள்ளை தங்கவில்லை என்றால் தங்கச்சியைக் கொடுப்பது நடக்காத காரியமில்லை.

பொன்மணி ஓடிவந்து டாக்டரம்மா சொன்னதையெல்லாம் சொன்னாள். பாதி, இன்னொரு பாதி, சொந்தம் என்று அவளுக்கு விளங்கிய மட்டும் சொன்னாள்.

"சொந்தத்துல கட்டுனா பிள்ளை தங்காதா?" என்றாள் இருளம்மாள். "எதுத்த வீட்டு இருளாண்டி அவன் மாமன் மகளத்தான் கட்டிருக்கான். நாலு பிள்ளையும் குத்துக்கல்லாட்டம் திரியுது. இந்தத் தெருவுல வெளிய கட்டுனவுக எத்தன பேரு? விரல விட்டு எண்ணு பாப்போம்."

"எல்லாருக்கும் வராதுத்தே. அந்தக் குறை இருக்க வீட்டுல மட்டுந்தான் வரும்."

"அப்ப மாரிசெல்விக்கும் அது இருக்குன்னு சொன்னாகளா?" என்று கேட்டார் நாகையா.

பொன்மணிக்குப் பொய் சொல்ல வரவில்லை. "இருக்கலாம்னாக. இல்லாமலும் போகலாமாம்."

"இருந்தா?"

"பிள்ளைக்கு வரலாம். வராமலும் போகலாம். ஒவ்வொரு தடவையும் சோழிய உருட்டுற மாதிரி."

"வரலாம், வராமலும் போகலாம்! இதச் சொல்லவா மதுரைக்குப் போனீக? இத நம்ம ஊரு குடுகுடுப்பைக்காரன் சொல்லுவானே" என்றாள் இருளம்மாள். நாகையாவே சிரித்துவிட்டார். உண்மைக்கு இதுதான் கேடு. அது உள்ள அளவுக்குமேல் ஒரு சொல் பேசாது, நொண்டிக்கொண்டு நிற்கும்.

புருஷனிடம் போனாள். "மச்சான், டாக்டரம்மா சொன்னத நீங்களும் கேட்டீகள்ல? ஒத்த வார்த்தை உங்க ஆத்தாட்டச் சொல்லக் கூடாதா?"

முனியராஜ் அம்மா காதில் விழாதபடி கதவைச் சாத்தினான். "என்னன்னு சொல்லச் சொல்ற? நீ பண்ணி வச்ச கல்யாணந்தான் உன் பேரப்பிள்ளைகளக் கொன்னுச்சுன்னா? அது செத்துப்போகும் பொன்மணி."

கடைசியில் தங்கச்சியிடமே போனாள். மாரிசெல்வி எட்டூருக்கு இளகிய மனசுக்காரி. அக்காள் முகத்தைப் பிடித்துக்கொண்டு சொன்னாள்: "நான் பெத்து உன் மடியில போடுறேங்க்கா. உன் பிள்ளையா வளத்துக்கோ. நீ என்னைய வளக்கலையா?"

மல்லுக்கு நின்றிருந்தாலாவது ஒரு வழி பிறந்திருக்கும். இந்தப் பாசத்துக்கு என்ன பதில் சொல்வது? தங்கச்சியின் மாரில் மல்லிகைப் பூவைக் கட்டிவிடுகிற காட்சி பொன்மணியின் கண்ணில் ஓடியது. அதற்குள் தெருவில் பேச்சு வேறாகிவிட்டது. பொன்மணிக்குப் பொறாமை, தனக்கு இல்லாதது தங்கச்சிக்கும் வேண்டாம் என்கிறாள் என்று குழாயடியில் அவள் காதுபடவே பேசினார்கள். அதைக் கேட்டபோதுதான் அவளுக்கு ஒன்று உறைத்தது. ஊர் எதை நம்பாது என்பதை இதுவரை பார்த்தாகிவிட்டது. எதை நம்பும் என்பது இப்போதுதான் தெரிந்தது.

பூ வைக்கிற நாள் வந்தது. நாகையா வீட்டு முன்னால் பந்தல் இல்லாவிட்டாலும் சமுக்காளம் விரித்திருந்தார்கள். இருளம்மாள் பூவும் பழமும் வைத்த தட்டோடு வந்து உட்கார்ந்தாள். மாரிசெல்வி புதுச்சேலை கட்டி, தலை நிறையப் பூவோடு வாசலுக்கு வந்தாள். எல்லோரும் பார்த்துக்கொண்டிருக்கும்போதே பொன்மணி கூட்டத்தைப் பிளந்துகொண்டு தெருவுக்கு நடுவே போய் நின்றாள். முடியை அவிழ்த்துவிட்டாள். குனிந்து இரண்டு கையாலும் மண்ணை அள்ளினாள்.

"ஏ மாரிசெல்வி! எம் புருசன் கையால உன் கழுத்துல தாலி ஏறுச்சுன்னா, உன் வயிறு வெளங்காதுடி! நீ பெக்கறது பாலு குடிக்க மறந்து சாகும்டி! மூணு பிள்ளையப் பொதைச்ச கையால தூத்துறேன்! இது பலிக்கலன்னா நான் எங்க ஆத்தாளுக்குப் பொறக்கல!"

மூன்று தரம் தூற்றினாள். பூத்தட்டில் மண் விழுந்தது. மாரிசெல்வியின் தலையிலும் விழுந்தது.

பிள்ளையைப் பறிகொடுத்து வயிறெரிந்தவள் தூற்றுகிற மண் பலிக்கும் என்பது அங்கே பால்குடி மறக்காத பிள்ளைக்கும் தெரியும். டாக்டரம்மா சொன்னதைத்தான் பொன்மணியும் சொன்னாள். அந்த 'வரலாம், வராமலும் போகலாம்' என்பதை மட்டும் எடுத்துவிட்டாள். நோய் என்று சொன்னபோது சிரித்தவர்கள், சாபம் என்று சொன்னதும் நடுங்கினார்கள். இருளம்மாள் தட்டை எடுத்துக்கொண்டு எழுந்தாள். "இனிமே என் வாசப்படிய மிதிக்காத" என்று மட்டும் சொன்னாள். நாகையா துண்டால் முகத்தை மூடிக்கொண்டார். மாரிசெல்வி அழவில்லை. தலையிலிருந்த மண்ணைத் தட்டிவிடாமல் அக்காளையே பார்த்துக்கொண்டு நின்றாள். அந்தப் பார்வையைப் பொன்மணி சாகும்வரை மறக்கமாட்டாள்.

முனியராஜ் அவளோடு கிளம்பி வந்தான். விருதுநகர் அறையிலேயே மறுபடி குடியிருந்தார்கள். அதற்குப் பிறகு அவர்கள் பிள்ளைக்கு ஆசைப்படவில்லை. ஒரு நாள் சாப்பிட்டுக் கைகழுவும்போது, "நீ எதுக்குத் தூத்துனன்னு எனக்குத் தெரியும்" என்றான். "தெரிஞ்சா வாயை மூடிட்டு இருங்க. அதுலதான் நீங்க கெட்டிக்காரராச்சே" என்றாள். அவன் கோபப்படவில்லை. கோபப்பட அவனுக்கு முகமும் இல்லை.

ஆனால் அவன் ஒரு காரியம் செய்தான். குடோனுக்கு வற்றல் லோடு கொண்டுவருகிற காரியாபட்டி அய்யாதுரை, சொந்தமாக டிராக்டர் ஓட்டுகிறவன், நல்ல பையன். ஒரே சாதி; ஆனால் நாலு தலைமுறை தோண்டினாலும் ஒட்டுறவு கிடையாது. அவனை இன்னொரு ஆள் மூலமாக நாகையா வீட்டுக்குப் பெண் கேட்க அனுப்பிவைத்தான். தன் பேரோ பொன்மணி பேரோ வராமல் பார்த்துக்கொண்டான். கல்யாணம் முடிந்தது. அக்காளுக்கு அழைப்பு இல்லை.

அதோடு பொன்மணிக்கு நிம்மதி வந்ததா? வந்திருக்க வேண்டும். வரவில்லை. டாக்டரம்மா சொன்னதை அவள் நம்பினாள். தூற்றிய மண்ணையும் நம்பினாள். அவளும் அந்தத் தெருவில் பிறந்தவள்தானே? எம் புருசன் தாலி ஏறினால் என்று திட்டமாகத்தான் சொன்னாள். ஆனால் மண் அந்த வரியைக் கேட்டுக்கொண்டதா, விட்டுவிட்டதா, யார் கண்டது? மாரிசெல்வி முழுகாமல் இருக்கிறாள் என்று அப்பா வந்து சொன்ன நாளிலிருந்து அவளுக்குத் தூக்கம் போனது. தாயில்லாத பிள்ளை, தலைப்பிரசவத்துக்கு அக்காள் வீட்டுக்குப் போ என்று அப்பா சொல்லியும் மாரிசெல்வி மறுத்துவிட்டாள். பெண்பிள்ளை பிறந்தது. பொன்மணி உடனே ஓடவில்லை. அந்தப் பொல்லாத நாட்கள் கழியட்டும் என்று பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தாள். பத்து நாள் கழிந்ததும் காரியாபட்டி பஸ்ஸில் ஏறினாள்.

நல்ல வெயில் நேரம். வாசல் கதவு திறந்திருந்தது. உள்ளே சுவரில் சாய்ந்து காலை நீட்டி, மாரிசெல்வி பிள்ளைக்குப் பால் கொடுத்துக்கொண்டிருந்தாள். பொன்மணியைப் பார்த்ததும் முந்தானையை இழுத்துப் பிள்ளையைத் தலையோடு கால் மூடினாள்.

"எதுக்கு வந்த?"

"பிள்ளை பாலு குடிக்காளான்னு கேட்டுட்டுப் போலாம்னு வந்தேன்."

"உன் கண்ணு படாம இருந்தா குடிப்பா."

பொன்மணி உள்ளே போகவில்லை. நிலைப்படியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். முந்தானைக்குள்ளிருந்து சப்பு சப்பென்று சத்தம் வந்தது. நடுவில் மூச்சு வாங்க நின்றது. காம்பு நழுவியதோ என்னவோ, ஒரு முரட்டுச் சிணுங்கல் கேட்டது. மறுபடி கவ்விக்கொண்டு, முன்னைவிட வேகமாகக் குடித்தது. எவ்வளவு நேரம் அப்படியே நின்றாள் என்று அவளுக்கே தெரியாது.

"கேட்டுட்டேல்ல. போ" என்றாள் மாரிசெல்வி.

"வாரேன் தாயி."

திரும்பியவள் கண்ணில் வாசல் ஓரத்து வாளி பட்டது. அதில் பிள்ளையின் நனைந்த துணிகள் கசக்காமல் கிடந்தன. பொன்மணி சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, வாளிமேல் குனிந்தாள்.

உள்ளேயிருந்து அலறல் வந்தது. பிள்ளை துணியை எடுத்துச் செய்வினை வைப்பார்கள் என்கிற பயம் யாருக்கு இல்லை? "தொடாதக்கா! அதத் தொடாதக்கா!" பயத்தில் கத்தியதுதான். ஆனாலும் மண் விழுந்த நாளுக்குப் பிறகு இன்றுதான் அவள் வாயில் அக்கா என்று வந்தது.

பொன்மணி நிமிர்ந்தாள். கண்ணிலிருந்து தாரை தாரையாக இறங்கிக்கொண்டிருந்தது. துடைக்கவில்லை.

"தொடல தாயி" என்றாள். "நாறுது. நல்லா மூத்திர நாத்தம் நாறுது."